குணமாக்கும் தோழமை: மருத்துவர் – நோயாளி உளப்பிணைப்பும் மூளையியலும்

அரபு மொழியில் மருத்துவத்திற்குரிய சொல் ‘திப்பு’ என்பதாகும். கி.பி. 1311இல் மறைந்த இப்னு மன்ளூர் தொகுத்த ‘லிஸானுல் அரப்’ என்னும் பேரகராதியைப் புரட்டுவோர், இச்சொல்லுக்கு இரண்டு பொருள்கள் கூறப்பட்டிருப்பதைக் காணலாம். ஒன்று, உடலுக்கும் உள்ளத்துக்கும் செய்யப்படும் சிகிச்சை. மற்றொன்று ‘ரிஃப்கு’, அதாவது மென்மை, நயம். இந்த ‘ரிஃப்கு’ என்பதன் வேரிலிருந்தே ‘ரஃபீக்’ என்னும் சொல்லும் பிறக்கிறது. மென்மையானவன் என்றும், வழித்துணையாக உடன் வரும் தோழன் என்றும் அதற்குப் பொருள். நம் இல்லங்களில் ஆண்மக்களுக்கு விரும்பிச் சூட்டப்படும் பெயர்களுள் அதுவும் ஒன்று. ஆக, சிகிச்சை செய்பவன், மென்மையாக நடப்பவன், உடன் வருபவன் ஆகிய மூவரையும் அரபுச் சொல்வழக்கு அருகருகே நிறுத்தி வைத்திருக்கிறது.

சொல்லின் வேரைக் கொண்டு மருத்துவ உண்மையை நிறுவிவிட முடியாது என்பதை நாம் அறிவோம். எனினும் அது ஒரு கேள்வியை நம்முன் வைக்கிறது. மருத்துவர் காட்டும் மென்மையும் தோழமையும் மருந்தின் கசப்பை மறைக்கும் வெல்லம் மட்டும்தானா, அல்லது அவையே மருந்தின் ஒரு பகுதியா? உடல் நோய்களில் இக்கேள்வியை ஒதுக்கி வைத்தாலும் வைக்கலாம். உள்ளத்தின் நோய்களுக்குப் பேச்சையே மருந்தாகக் கொண்டு செய்யப்படும் உளச்சிகிச்சையில் அதனை ஒதுக்க வழியே இல்லை. அங்கே ஊசியும் கிடையாது, கத்தியும் கிடையாது. ஓர் அறை, இரு நாற்காலிகள், இரண்டு மனிதர்கள். அவ்விருவருக்கிடையே என்ன நிகழ்கிறது என்பதைக் கடந்த முப்பது ஆண்டுகளாக மூளையியல் அறிஞர்கள் கருவிகளைக் கொண்டு ஆராய்ந்து வருகின்றனர். அவர்கள் கண்டவற்றையும், இன்னும் காண இயலாதவற்றையும் இக்கட்டுரையில் சுருக்கமாக நோக்குவோம்.

நாடி சொன்ன செய்தி

உள்ளத்தின் அசைவு உடலில் பதியும் என்பது பழைய மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்திருந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் மருத்துவம் செய்த காலன் (அரபியில் ஜாலீனூஸ்), உறக்கமின்றித் தவித்த ஒரு பெண்மணியின் நாடியைப் பிடித்திருந்தபோது, ஒரு கூத்தனின் பெயர் சொல்லப்பட்டதும் நாடி தடுமாறியதைக் கொண்டு அவளது நோயின் காரணத்தை அறிந்ததாக எழுதியுள்ளார். இப்னு ஸீனா (கி.பி. 980–1037) தமது ‘அல்கானூன் ஃபித் திப்பு’ நூலில், காதல் நோயைத் தலையைச் சார்ந்த நோய்களுள் ஒன்றாக வைத்துப் பேசுமிடத்தில், நாடியின் மீது விரல் வைத்தபடியே பல பெயர்களைச் சொல்லிப் பார்த்து, நாடி எங்கே மாறுகிறது என்று கவனிக்கும் முறையை விளக்குகிறார். இதனையொட்டிப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிளாமி அரூளி தமது பாரசீக நூலான ‘சஹார் மகாலா’வில் ஒரு கதையும் கூறினார். ஜுர்ஜான் நகரில் ஆட்சியாளர் காபூஸின் உறவினர் ஒருவர் நோயுற்றிருக்க, இப்னு ஸீனா அவரது நாடியைப் பற்றிக்கொண்டு, ஊரறிந்த ஒருவரைக் கொண்டு தெருக்களின் பெயர்களையும் வீடுகளின் பெயர்களையும் சொல்லச் செய்து, அவர் உள்ளத்தில் மறைத்து வைத்திருந்த பெண் யாரென்று கண்டறிந்தார் என்பது கதை. இப்னு ஸீனா ஜுர்ஜானைச் சென்றடைவதற்குள் காபூஸ் சிறைப்பட்டு இறந்துவிட்டார் என்பது வரலாறு. ஆதலின் கதையை அப்படியே ஏற்க இயலாது. முறையைப் பற்றிய குறிப்போ அவரது நூலிலேயே உள்ளது.

இவர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் வாழ்ந்தவர் அபூ ஸைத் அல்பல்கீ (மறைவு கி.பி. 934). ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் அவரது நூலின் முதற்பகுதி உடல் நலத்தையும் இரண்டாம் பகுதி உள்ள நலத்தையும் பேசுகிறது. உடலைப் பேணுவது பற்றி எழுதிய மருத்துவர்கள் உள்ளத்தைப் பேணுவது பற்றி எழுதாமல் விட்டது அவருக்குக் குறையாகப் பட்டது. உள்ளத்தின் நோய்க்கு இருவழியாக உதவி வரலாம் என்கிறார் அவர். ஒன்று, நோயுற்றவர் தாமே தம் சிந்தனையால் தம்மைத் தேற்றிக்கொள்வது. மற்றொன்று, வெளியிலிருந்து பிறரது சொல் வந்து சேர்வது. துயரில் அமிழ்ந்தவரின் சிந்தனை அத்துயராலேயே கலங்கிக் கிடப்பதால், இரண்டாவது வழி தேவையாகிறது. வேறொருவரின் வாய்ச்சொல் நம் உள்ளத்தில் எவ்வாறு மருந்தாக இறங்குகிறது என்பதை அக்காலத்தில் எவராலும் காட்ட இயலவில்லை.

உறவின் அளவு

பேச்சால் குணமாக்கும் முறையை இக்காலத்தில் ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்த வியன்னாவின் சிக்மண்ட் ஃபிராய்டு நரம்பியல் மருத்துவராகத் தொழில் தொடங்கியவர். 1895இல் உளவியலை நரம்பணுக்களின் மொழியில் எழுத முயன்று, பின் அம்முயற்சியைக் கைவிட்டார். நோயாளி தம் பழைய உறவுகளின் அன்பையும் சினத்தையும் மருத்துவர் மீது ஏற்றிக் காண்கிறார் என்பதை அவர் கண்டுகொண்டார். அவர் வழியிலிருந்து பல பள்ளிகள் கிளைத்தன. ஒவ்வொன்றும் தன் முறையே சிறந்தது என்றது. 1936இல் சால் ரோசன்ஸ்வைக் என்னும் அமெரிக்க உளவியலாளர், முறைகள் வேறுபட்டாலும் பலன்கள் பெரிதும் வேறுபடவில்லையே, அப்படியானால் எல்லா முறைகளுக்கும் பொதுவான ஏதோ ஒன்றுதானே குணமாக்குகிறது என்று கேட்டார். 1957இல் கார்ல் ரோஜர்ஸ், ஒத்துணர்வு, நிபந்தனையற்ற மதிப்பு, உள்ளும் புறமும் ஒன்றாயிருத்தல் ஆகியவற்றைச் சிகிச்சையாளரிடம் இருக்க வேண்டிய பண்புகளாகக் கூறினார். 1979இல் எட்வர்ட் போர்டின், சிகிச்சைக் கூட்டுறவு என்பதை மூன்றாகப் பகுத்தார்: நோக்கத்தில் உடன்பாடு, செய்ய வேண்டியவற்றில் உடன்பாடு, இருவரிடையே பிணைப்பு.

இக்கருத்துகள் வெறும் நல்லெண்ணமாக நின்றுவிடவில்லை. 295 ஆய்வுகளையும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளையும் ஒருங்கே கணக்கிட்டு 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, கூட்டுறவின் தரத்துக்கும் சிகிச்சையின் பலனுக்கும் உள்ள தொடர்பை 0.28 என்னும் அளவினதாகக் கண்டது. பலனில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு இந்த உறவோடு சேர்ந்து நடக்கிறது என்பது இதன் பொருள். எட்டு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். உளச்சிகிச்சையில் தனித்து அளக்கப்பட்ட கூறுகளுள் இவ்வளவு நிலையாகத் தென்படுபவை மிகச் சிலவே.

உடல் சார்ந்த நோயிலும் இதற்குச் சான்று உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டெட் கப்சக்கும் அவருடன் பணியாற்றியோரும் குடல் எரிச்சல் நோயுடைய 262 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்து, 2008இல் முடிவுகளை வெளியிட்டனர். முதற்குழு காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. இரண்டாம் குழுவுக்கு உண்மையில் தோலைத் துளைக்காத போலி அக்குபஞ்சர் ஊசி, பேச்சு வார்த்தை அதிகமின்றிச் செய்யப்பட்டது. மூன்றாம் குழுவுக்கு அதே போலி ஊசியுடன், மருத்துவர் அமர்ந்து கேட்டுக் கனிவுடன் பேசும் நேரமும் கிடைத்தது. போதிய நிவாரணம் கிடைத்ததாகக் கூறியோர் முறையே 28, 44, 62 விழுக்காட்டினர். பின்னிரு குழுக்களிலும் ஊசி ஒன்றே, அதுவும் போலியே. இடையிலுள்ள பதினெட்டு விழுக்காட்டை உண்டாக்கியது மனிதரின் கனிவு.

பிறர் வலி நம்முள் எழுதல்

இனி மூளைக்குள் செல்வோம். இத்தாலியின் பார்மா நகரில் ஜாக்கமோ ரிசோலாட்டியின் குழுவினர், குரங்கின் மூளையில் சில நரம்பணுக்கள், குரங்கு தானே ஒரு பொருளை எடுக்கும்போதும், மற்றவர் எடுப்பதை அது காணும்போதும் ஒன்றுபோலத் துடிப்பதைக் கண்டு 1992இல் எழுதினர். இவற்றுக்குக் ‘கண்ணாடி நரம்பணுக்கள்’ என்னும் பெயர் 1996இல் வழங்கலாயிற்று. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவில் பணியாற்றிய வி.எஸ். ராமச்சந்திரன், உயிரியலுக்கு டி.என்.ஏ. எப்படியோ உளவியலுக்கு இவை அப்படி ஆகும் என்று 2000ஆம் ஆண்டில் முன்னுரைத்தார். 2010இல், வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளையில் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த மனிதர்களிடமும் இத்தகைய அணுக்கள் பதிவாயின.

ஆயினும் முன்னுரை முழுதும் பலித்துவிடவில்லை. ஒரு கையசைவைக் கண்டு மூளையின் அசைவுப் பகுதி துடிப்பது வேறு, ஒருவரின் துயரை விளங்கிக்கொள்வது வேறு. கிரெகரி ஹிக்கோக் என்னும் அறிஞர் 2014இல் இதற்கென ஒரு நூலே எழுதி, இவ்வணுக்களின் மீது சுமக்க முடியாத பாரத்தை ஏற்றிவிட்டனர் என்று கண்டித்தார். கண்ணாடி நரம்பணுவே ஒத்துணர்வு என்று மேடைகளில் கூறுவோர் இதனை நினைவிற்கொள்ளல் நலம்.

ஒத்துணர்வு பற்றிய நேரடியான சான்று வேறிடத்திலிருந்து வந்தது. டானியா சிங்கரும் அவரது குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில் பதினாறு பெண்கள் தம் துணைவருடன் பங்கேற்றனர். பெண்ணின் மூளை எம்.ஆர்.ஐ. கருவியால் பதிவு செய்யப்பட்டது. சில வேளை அவளது கையிலும், சில வேளை அருகிருந்த துணைவரின் கையிலும் வலி தரும் மின்தூண்டல் கொடுக்கப்பட்டது. தன் கையில் வலி வந்தபோது மூளையின் பல பகுதிகள் விழித்தன. துணைவருக்கு வலி என்று குறிப்புக் காட்டப்பட்டபோதும் அவற்றுள் சில பகுதிகள் விழித்தன. இன்சுலா எனப்படும் உள்மடிப்பின் முற்பகுதியும், சிங்குலேட் என்னும் வளைமடிப்பின் முற்பகுதியும் அவை. வலி உடலில் எந்த இடத்தில், எத்துணைக் கூர்மையாக உள்ளது என்று அறியும் பகுதிகளோ தன் வலிக்கு மட்டுமே விழித்தன.

இம்முடிவு நுட்பமானது. பிறர் வலியை நாம் அறியும்போது வலியின் துன்பம் நம்முள் எழுகிறது, வலியின் இடம் எழுவதில்லை. ஒருவரது துயரத்தைக் கேட்டு நெஞ்சு கனக்கிறது என்று நாம் சொல்வது வெற்று அலங்காரமன்று. நம் உடலின் உள்நிலையை உணரும் மூளைப் பகுதியே அங்கே வேலை செய்கிறது.

இருவரிடையே இசைவு

மேற்கூறிய ஆய்வில் ஒருவரது மூளையே பார்க்கப்பட்டது. சிகிச்சை அறையிலோ இருவர் இருக்கின்றனர். இருவரையும் ஒருசேர அளந்த முயற்சிகளுள் கார்ல் மார்சியின் ஆய்வு குறிப்பிடத்தக்கது. அச்சம், ஆவல், கிளர்ச்சி ஆகியவற்றின்போது உள்ளங்கையில் நுண்ணிய அளவில் வியர்வை ஊறும். அதனால் தோல் மின்சாரத்தைக் கடத்தும் திறன் மாறும். மார்சி இருபது சிகிச்சையாளர் – நோயாளி இணைகளின் தோல்நிலையை அமர்வின்போது ஒரே நேரத்தில் பதிவு செய்தார். 2007இல் வெளியான முடிவுகளின்படி, இருவரது ஏற்ற இறக்கங்களும் எந்த அளவுக்கு ஒத்து நடந்தனவோ, அந்த அளவுக்குத் தம் சிகிச்சையாளர் தம்மைப் புரிந்துகொண்டவர் என்று நோயாளிகள் மதிப்பிட்டிருந்தனர். இப்னு ஸீனா ஒருவரின் நாடியைப் பார்த்தார். இங்கே இருவரின் ‘நாடி’யும் ஒருங்கே பார்க்கப்படுகிறது.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஃபாபியன் ராம்சேயரும் வொல்ஃப்காங் சாக்கரும் எழுபது நோயாளிகளின் 104 அமர்வுகளைக் காட்டும் ஒளிப்பதிவுகளைக் கணினியால் அளந்து 2011இல் எழுதினர். ஒருவர் முன்சாய்ந்தால் மற்றவரும் சாய்வது, ஒருவர் தலையசைத்தால் சற்றுப் பின் மற்றவரும் அசைப்பது என்னும் இந்த உடல் இசைவு, உறவு நன்றாயிருந்த அமர்வுகளில் மிகுந்திருந்தது. சிகிச்சையின் பலனோடும் அது தொடர்புற்றிருந்தது. இருவருள் எவரும் இதனைத் திட்டமிட்டுச் செய்வதில்லை.

மூளைகளையே ஒருங்கே அளக்கும் முயற்சி பின்னர் வந்தது. நெற்றியிலும் தலையிலும் அணியும் பட்டையிலிருந்து அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, மூளைப் புறணியில் குருதியின் உயிர்வளி நிலையை அறியும் கருவி ஒன்றுண்டு. அமர்ந்து பேசும்போதே அதனைப் பயன்படுத்தலாம். சீன ஆய்வாளர்கள் அக்கருவியைக் கொண்டு, உளவள ஆலோசனை பெறும் இணைகளையும், வெறுமனே அளவளாவும் இணைகளையும் ஒப்பிட்டு 2018இல் எழுதினர். ஆலோசனை இணைகளில், வலக்காதுக்கு மேலே சற்றுப் பின்னாக அமைந்த மூளைச் சந்திப் பகுதியில் இருவரது செயற்பாடும் கூடுதலாக ஒத்துச் சென்றது. இந்தப் பகுதி, ‘இவர் இப்போது என்ன நினைக்கிறார்’ என்று பிறர் மனத்தைக் கணிக்கும் வேலையில் ஈடுபடுவதாக முன்னரே அறியப்பட்டதாகும்.

2020இல் டான்–மிக்கேல் எலிங்சன், விட்டலி நாப்படோ ஆகியோரின் குழு இன்னும் ஒருபடி சென்றது. உடலெங்கும் நாட்பட்ட வலியால் வருந்தும் நோயாளி ஒரு எம்.ஆர்.ஐ. கருவியிலும், அவருக்கு அக்குபஞ்சர் செய்பவர் மற்றொரு கருவியிலும் படுத்திருந்தனர். ஒளிப்படக் கருவியின் வழியே ஒருவர் முகத்தை மற்றவர் கண்டனர். நோயாளியின் காலில் வலி தரும் அழுத்தம் கொடுக்கப்பட்டபோது, சிகிச்சையாளர் ஒரு பொத்தானை அழுத்தி நிவாரணம் தர முற்படலாம். இருவரும் முன்கூட்டியே சந்தித்துப் பேசியிருந்த இணைகளில், மேற்சொன்ன அதே சந்திப் பகுதியில் மூளைகளின் இசைவு மிகுந்திருந்தது. முகபாவனைகள் ஒன்றையொன்று பிரதிபலித்தன. அந்த இசைவு, நோயாளி உணர்ந்த வலிக்குறைவுடன் தொடர்புற்றிருந்தது.

பிணைப்பு எவ்வாறு மருந்தாகிறது

இசைவு உண்டு என்பது சரி. அதனால் நோயாளிக்கு நேர்வதென்ன? முதலாவது, அச்சம் தணிகிறது. ஜேம்ஸ் கோன் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மணமான பதினாறு பெண்களுக்கு மின் அதிர்ச்சி வரக்கூடும் என்னும் எச்சரிக்கைக் குறி காட்டப்பட்டது. கணவரின் கையைப் பற்றியிருந்தபோது, ஆபத்தை எதிர்கொள்ளும் மூளைப் பகுதிகளின் பரபரப்புத் தணிந்தது. முன்பின் அறியாதவரின் கையைப் பற்றியபோது சிறிதளவே தணிந்தது. இல்லறம் இனிதாக இருந்தோருக்கு இத்தணிவு மிகுதியாக இருந்தது. தனித்து நிற்கும் மூளை ஒரு பாரத்தைச் சுமப்பதற்கும், நம்பத்தக்க ஒருவர் அருகிருக்கச் சுமப்பதற்கும் வேறுபாடு உண்டென்பது இதனால் விளங்கும். சிகிச்சையாளர் கைப்பற்றி அமர்வதில்லை. அவரது குரலும் முகமும், வாரந்தோறும் குறித்த வேளையில் அவர் அங்கே இருப்பதும் கைப்பிடியின் வேலையைச் செய்கின்றன என்று கருதலாம்.

இரண்டாவது, அச்சம் தணிந்த நிலையில்தான் கற்றல் நிகழும். நியூயார்க்கில் கரீம் நாதர், ஜோசப் லிடூ ஆகியோர் எலிகளில் செய்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, பழைய அச்ச நினைவு மீண்டும் எழுப்பப்படும்போது சிறிது நேரம் இளகிய நிலையை அடைகிறது, பின்னரே மறுபடியும் உறைகிறது என்று காட்டியது. நோயாளி தம் கொடிய நினைவை ஒரு பாதுகாப்பான முகத்தின் முன் எடுத்துச் சொல்லும்போது, இளகிய அந்நினைவு புதிய உணர்வோடு சேர்ந்து உறைகிறது போலும் என்று சில அறிஞர்கள் கருதுகின்றனர். மனித சிகிச்சையில் இது இன்னும் கருதுகோள் நிலையிலேயே உள்ளது.

பேச்சும் பயிற்சியும் மூளையின் செயற்பாட்டை மாற்றும் என்பதற்கோ திட்டமான சான்று உண்டு. ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யத் தூண்டும் நோய் ஒன்றுள்ளது. நம்மவருள் சிலர் உளூச் செய்த உறுப்புகளையே ஓயாது கழுவிக்கொண்டிருப்பர். ‘வஸ்வாஸ்’ என்று அதனைக் கூறிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். அவர்களுள் பலர் இந்நோயால் வருந்துவோராக இருக்கக்கூடும். அமெரிக்காவின் லூயிஸ் பாக்ஸ்டர் 1992இல் இந்நோயாளிகளின் மூளையை ஆராய்ந்தார். மாத்திரையால் குணம் கண்டவர்களிடத்தும், மாத்திரையின்றி நடத்தைச் சிகிச்சையால் குணம் கண்டவர்களிடத்தும், மூளையின் ஆழத்திலுள்ள காடேட் என்னும் பகுதியின் மிகைச் செயற்பாடு ஒன்றுபோலக் குறைந்திருந்தது. நினைவின் அணுவியலை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற எரிக் காண்டலும், உளச்சிகிச்சை பலன் தருமாயின் அது கற்றலின் வழியே நரம்பணுக்களின் இணைப்புகளை மாற்றியே தருகிறது என்று 1998இல் எழுதினார். ‘வெறும் பேச்சுதானே’ என்று இகழ்வோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

பிசகும் சீராக்கமும்

இருவரும் எப்போதும் ஒத்தே நடக்க வேண்டும் என்று இதனைப் புரிந்துகொண்டால் தவறாகிவிடும். எட்வர்ட் டிரானிக் 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய் திடீரென முகத்தை அசைவற்றதாக்கிக் கொண்டாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்த்தது, கைநீட்டிப் பார்த்தது, பின் முகந்திருப்பிச் சோர்ந்தது. டிரானிக்கின் பிற்கால ஆய்வுகளில் இன்னொரு செய்தி வெளிப்பட்டது. நலமான தாயும் சேயும்கூட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரமே ஒத்திசைந்திருந்தனர். எஞ்சிய நேரமெல்லாம் பிசகுவதும், பிசகியதைச் சரி செய்வதுமாகக் கழிந்தது. உறவு திரும்பவும் சீராகும் என்னும் நம்பிக்கையை அக்குழந்தை அவ்விடத்தில்தான் பெறுகிறது.

சிகிச்சை அறையிலும் இவ்வாறே. ஜெரமி சாஃப்ரனும் கிறிஸ்டோபர் முரனும் மருத்துவர் – நோயாளி உறவில் விழும் விரிசல்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். நோயாளி மனத்தாங்கல் கொண்டு மௌனமாகிவிடும்போது அதனைக் கவனித்து, ‘நான் கூறியது உங்களை வருத்திற்றா?’ என்று கேட்டுச் சரிசெய்யும் சிகிச்சையாளரிடம் பலன் கூடுதலாகக் கிடைத்தது. விரிசலைக் கண்டும் காணாததுபோல் நடப்பதே கேடு.

ஒத்துணர்வும் கருணையும்

பிறர் துயர் நம்முள்ளும் எழும் என்றால், நாளெல்லாம் துயரக் கதைகளையே கேட்கும் மருத்துவரின் நிலை என்னாகும்? ஜான் டெசட்டி, யாவெய் செங் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், அக்குபஞ்சர் மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் உடலில் ஊசி குத்தப்படும் காட்சிகள் காட்டப்பட்டன. பொதுமக்களின் மூளையில் வலி சார்ந்த பகுதிகள் விழித்தன. மருத்துவர்களிடம் அவை விழிக்கவில்லை. உணர்ச்சியை ஆளும் நெற்றிப்புறப் பகுதிகள் வேலை செய்தன. இந்தக் கட்டுப்பாடு இல்லையேல் மருத்துவரின் கை நடுங்கும். அளவு மீறினாலோ அதுவே கல்நெஞ்சாகிவிடும்.

நடுவழி ஒன்றுண்டா? டானியா சிங்கரும் ஓல்கா கிளிமெக்கியும் 2013ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு விடை தருகின்றன. சிலருக்கு முதலில் பிறர் துயரை அப்படியே உணரும் பயிற்சி அளிக்கப்பட்டது. துயரக் காட்சிகளைக் கண்டபோது அவர்களின் மனச்சோர்வு கூடியது, வலி சார்ந்த மூளைப் பகுதிகள் மிகுந்து விழித்தன. பின்னர் அவர்களுக்கே கருணைப் பயிற்சி, அதாவது அத்துயருற்றோர் நலம்பெற வேண்டும் என்று உளமார விரும்பும் பயிற்சி அளிக்கப்பட்டது. அதே போன்ற காட்சிகளைக் கண்டபோது சோர்வு தணிந்தது, அன்பும் நிறைவும் சார்ந்த வேறு பகுதிகள் விழித்தன. பிறர் துயரில் மூழ்குவதும், துயருற்றவர்பால் கனிவதும் மூளைக்கு இருவேறு செயல்கள் என்பது இதனால் தெளிவாகிறது. அரபியில் கருணையைக் குறிக்கும் ‘ரஹ்மத்’ என்னும் சொல், தாயின் கருப்பையைக் குறிக்கும் சொல்லோடு ஒரே வேரினது. கருவின் வலியைத் தாய் வாங்கிக்கொள்வதில்லை, கருவைத் தாங்குகிறாள்.

கவனிக்க வேண்டிய எல்லைகள்

மூளைப் படங்களைக் கண்டு மயங்குதலும் கூடாது. 2009இல் கிரேக் பென்னட் என்னும் ஆய்வாளர் இறந்துபோன ஒரு சால்மன் மீனை எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்து, மனிதர்கள் பிறரோடு பழகும் சூழல்களின் படங்களை அதற்குக் காட்டினார். தக்க கணக்குத் திருத்தம் செய்யாதபோது, செத்த மீனின் மூளையும் ‘விழித்ததாக’ப் படம் வந்தது. கணக்கில் கவனம் தவறினால் கருவி எதையும் சொல்லும் என்பதே அவர் தந்த பாடம். ஆக்ஸிடோசின் என்னும் சுரப்புநீரை மூக்கில் தெளித்தால் நம்பிக்கை பெருகும் என்று 2005இல் வந்த செய்தி உலகெங்கும் பரவியது. 2020இல் கூடுதலானோரைக் கொண்டு செய்த மறு ஆய்வில் அது உறுதிப்படவில்லை. நாம் மேலே கண்ட இசைவு ஆய்வுகளும் சில பத்து இணைகளைக் கொண்டு செய்யப்பட்டவையே. இசைவால் குணம் வருகிறதா, குணம் வருவதால் இசைவு வருகிறதா என்பதையும் அவை இறுதியாகச் சொல்லவில்லை.

இக்காலத்திற்கே உரிய ஒரு கேள்வியும் உண்டு. 1966இல் ஜோசப் வைசன்பாம், நோயாளியின் சொல்லையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் ‘எலைசா’ என்னும் கணினி நிரலை வெளியிட்டார். அது வெறும் நிரல் என்று நன்கறிந்த அவரது செயலாளரே அதனோடு தனியாகப் பேச விரும்பி, அவரை அறையைவிட்டு வெளியே இருக்கச் சொன்னார். 2022க்குப் பின் பெருகிவிட்ட உரையாடும் இயந்திரங்களிடம் இன்று எண்ணற்றோர் தம் மனக்குறையைக் கூறுகின்றனர். கேட்பாரற்றவருக்கு அதுவும் ஓர் ஆறுதலாக இருக்கலாம். எனினும் மேலே நாம் கண்டவையெல்லாம் இரு உடல்களுக்கிடையே நிகழ்ந்தவை. இயந்திரத்தின் சொல் எத்துணை இனிதாயினும், அதற்கு நாடி இல்லை.

நாம் செய்யத்தக்கது

இவ்வாய்வுகள் தொலைநாட்டு ஆய்வுக்கூடங்களின் செய்தியாக நின்றுவிடக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி அழைத்து வரப்பட்ட மனநோயாளிகள் தங்க வைக்கப்பட்டிருந்த ஒரு காப்பகம் தீப்பற்றி எரிந்தது. 28 பேர் மாண்டனர். தப்பி ஓட அவர்களால் இயலவில்லை, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்று வெளிப்படையாகத் தடை செய்துள்ளது. சட்டம் சங்கிலியை அகற்றலாம். அதனிடத்தில் வேறொரு பிணைப்பை வைப்பது மனிதரின் வேலை. 2015–16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் மனநோயுற்றோரில் நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையின்றியே உள்ளனர். அவர்கள் யாரும் நமக்கு அயலார் அல்லர். நம் தெருவிலும் உறவிலும் இருப்பவர்களே.

மருந்து தேவைப்படும் நோய்க்கு மருந்தைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. கடுமையான மனநோய்களில் மருந்தே உயிரைக் காக்கிறது. மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வெட்கப்படுவது, ‘மனத்தைத் திடப்படுத்திக்கொள்’ என்று கூறிக் கடந்துவிடுவது, நோயாளி பேசத் தொடங்குமுன் அறிவுரையைத் தொடங்குவது ஆகியவற்றையே கைவிடச் சொல்கிறோம். மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகளுக்கோ இன்னொன்றையும் சொல்லலாம். நோயாளியின் எதிரே அமர்ந்து, அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்கும் சில நிமிடங்கள், சிகிச்சை தொடங்குமுன் கழிந்துபோகும் நேரமன்று. அந்நிமிடங்களிலேயே சிகிச்சை தொடங்கிவிடுகிறது. கட்டுரையின் தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இதுவரை கிடைத்துள்ள சான்றுகள் தரும் விடை இதுவே: மென்மை மருந்தின் மேலுறையன்று, அதன் ஒரு பகுதி.